எம்பார்கேஷன் ஏணியில் பைலட்டை ஏற்றாதீர்கள்: கப்பல் நிறுவனங்களின் கரை அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

கப்பல் நிறுவனங்களின் கரை அலுவலகங்களில் பாதுகாப்பும் கொள்முதலும் பார்க்கிறவர்களுக்கு,

அண்மையில் ஒரு கப்பல் நிறுவனத்திடமிருந்து எனக்கு வந்த பதிலைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை, ஏனென்றால் கிட்டத்தட்ட இதே பதிலை வேறு வார்த்தைகளில் வேறு நிறுவனங்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் துறைமுக பைலட். உங்கள் கப்பல் கரையை நெருங்கும்போது, துறைமுகத்துக்கு வெளியே, ஒரு சின்னப் படகில் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியில் ஏறி, கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜுக்குப் போய், கேப்டன் பக்கத்தில் நின்று கப்பலை உள்ளே கொண்டுவருகிற வேலை. வேலையிலேயே கடினமான பகுதி கப்பலைத் திருப்புவதும் கட்டுவதும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எங்களில் யாரைக் கேட்டாலும் அந்த ஏணியைத்தான் சொல்வார்கள்.

நடந்தது இதுதான். ஏழெட்டுப் படி ஏறியிருப்பேன், கப்பல் மெதுவாகப் புரண்டது, ஏணி அப்படியே முறுக்கிக்கொண்டது. ஒரு நொடியில் என் முகம் கடலைப் பார்க்கிறது, முதுகு கப்பலின் இரும்பில் போய் மோதுகிறது. கீழே படகு அலையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் கையை விட்டால் படகின் மேல் விழுவதா, படகுக்கும் கப்பலுக்கும் நடுவில் விழுவதா என்பதைக்கூட நாம் முடிவு செய்ய முடியாது. கப்பல் மறுபடி புரண்டு ஏணி தானாகத் திரும்பும் வரை கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினேன். மேலே போனதும் முதல் வேலையாக ஏணியைப் பார்த்தேன். ஏணி முறுக்காமல் இருக்க நடுநடுவே வைக்கிற நீளமான படியான ஸ்பிரெடர் ஒன்றுகூட அதில் இல்லை. பக்கத்தில் தொங்கிய தகட்டில் எம்பார்கேஷன் ஏணி என்று தெளிவாகவே எழுதியிருந்தது, பைலட் ஏணி என்று இல்லை.

பக்கத்தில் நின்ற இளம் ஆபீசரிடம் கேட்டேன். "பைலட் லேடர் கயிறு நைஞ்சுடுச்சு சார், புதுசுக்கு எழுதி அனுப்பி ரொம்ப நாளாச்சு, வர்ற வரைக்கும் இதைப் போடச் சொன்னாங்க" என்றார். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டதை அனுப்பாதவர்கள் கரையில் இருக்கிறார்கள். அதனால்தான் மடல் கப்பலுக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது.

புகார் எழுதினேன், படங்களோடு. நிறுவனத்தின் பதில் இரண்டே பத்தி. பயன்படுத்திய ஏணிக்கு முறையான சான்றிதழ் இருக்கிறது, அது எம்பார்கேஷனுக்கு உரிய ஏணி, கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் விதியும் பைலட் எம்பார்கேஷன் என்றுதான் பேசுகிறது, ஆகவே குறைபாடு எதுவும் இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆளின் உயிரை இப்படித் தள்ளிவிட முடியாது. எம்பார்கேஷன் என்றால் கப்பலேறுதல், சரி. பயணி ஏறுவதும் அதுதான், வேலைக்குச் சேரும் மாலுமி ஏறுவதும் அதுதான், பைலட் ஏறுவதும் அதுதான். சோலாஸ் ஐந்தாம் அத்தியாயத்தின் 23ஆம் விதியில் அந்தச் சொல் வருவதும் உண்மை. ஆனால் கப்பலுக்குள் அதே சொல் இன்னொரு வேலையும் செய்கிறது. லைஃப்போட் இருக்கும் தளத்துக்கு எம்பார்கேஷன் டெக் என்று பெயர். அந்த இடத்தில் ஏறுவது கப்பலில் இல்லை, உயிர்காப்புப் படகில். கப்பலைக் கைவிட்டு இறங்கும் நாளில், படகோ மிதவையோ தண்ணீரில் இருக்கும்போது, அதற்குள் போய்ச் சேர்வதற்காக வைத்திருப்பதுதான் எம்பார்கேஷன் ஏணி. அது கப்பலை விட்டுப் போகிறவர்களுக்கானது, பைலட் ஏணி கப்பலுக்கு வருகிறவர்களுக்கானது. முதலாவது உயிர்காப்புச் சாதனங்களுக்கான எல்.எஸ்.ஏ. கோடில் வருகிறது. இரண்டாவதுக்குத் தனி விதி, சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ.வின் ஏ.1045(27) என்ற தனித் தீர்மானம், ஐ.எஸ்.ஓ. 799 என்ற தனித் தரநிலை. எம்பார்கேஷன் ஏணிக்கு ஐ.எஸ்.ஓ. எண்ணே வேறு, 5489. உங்கள் கையில் இருந்த சான்றிதழில் அந்த எண் நிச்சயம் அச்சாகியிருக்கும். அதை யாராவது ஒருவர் படித்திருந்தால் அந்தப் பதில் வந்திருக்காது.

வேறுபாடு காகிதத்தில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பைலட் ஏணியில் நடுநடுவே 1.8 மீட்டருக்குக் குறையாத நீளமான படிகள் வரும், அதைத்தான் ஸ்பிரெடர் என்கிறோம். கீழிருந்து ஐந்தாவது படி ஸ்பிரெடராக இருக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு ஸ்பிரெடருக்கும் அடுத்ததுக்கும் இடையே ஒன்பது படிக்கு மேல் போகக் கூடாது. அந்த நீளக் கட்டை கப்பலின் பக்கத்தில் இரண்டு புறமும் ஊன்றிக்கொள்வதால்தான் ஏணி முறுக்காது. எம்பார்கேஷன் ஏணியில் அது கிடையாது, வைக்கச் சொல்லி விதியும் இல்லை. நான் தொங்கிய ஏணி பழுதான ஏணி இல்லை என்பது உண்மைதான். அதற்கு உரியதல்லாத வேலைக்கு அதைக் கொண்டுவந்து மாட்டினீர்கள். இன்னொன்றும் யோசியுங்கள், அந்த ஏணியைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தபோது லைஃப்போட் தளத்தில் அது இருக்க வேண்டிய இடம் காலி. அன்றைக்கே கப்பலைக் கைவிட வேண்டி வந்திருந்தால் உங்கள் ஆட்கள் எதைப் பிடித்து இறங்கியிருப்பார்கள்?

அப்புறம், சரியான பெயருள்ள ஏணியைப் போட்டுவிட்டால் மட்டும் முடிந்துவிடாது. கயிறு. பைலட் ஏணியின் பக்கக் கயிறுகள் ஒரு பக்கத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, மேல் படிக்குக் கீழே எங்கும் ஒட்டு இருக்கக் கூடாது. இதை எல்லாம் அளந்து பார்த்துவிட்டு 'ஓகே' போடுகிறார்கள். மணிலாக் கயிறு வெளியே பொன்னிறமாக நன்றாகத்தான் இருக்கும். படிக்கு அடியில், சிறு கயிற்றால் இறுக்கிக் கட்டிய இடத்தில்தான் உப்புத்தண்ணீர் தங்குகிறது. அங்கே முறுக்கை விரலால் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். நல்ல கயிறாக இருந்தால் நார் நீளமாக, பளபளப்பாக இருக்கும். கெட்டுப்போனதாக இருந்தால் உள்ளே சாம்பல் நிறம், நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும், அந்தப் பொடி ஈர விரலில் சேறு மாதிரி ஒட்டிக்கொள்ளும். தகடும் தேதியும் சான்றிதழும் சரியாக இருந்த ஏணிகளிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். மேல்தளத்தில் வெயிலிலும் மழையிலும் சுருட்டிப் போட்டு, பக்கத்தில் பெயின்ட் டப்பா, கெமிக்கல் டப்பா எல்லாம் வைத்திருந்தால் கயிறு எத்தனை நாள் தாங்கும்? படிகளுக்குப் பெயின்ட் அடித்து அழகாக வைத்திருக்கும் கப்பல்களும் உண்டு. நனைந்தால் வழுக்கும், அதோடு மரத்தில் விழுந்த விரிசலைப் பெயின்ட் மூடிவிடும்.

ஏறுவது எப்படி என்று அலுவலகத்தில் பலருக்குத் தெரிவதில்லை, அதனால் சொல்கிறேன். கப்பல் காற்றுக்கும் அலைக்கும் மறைவு கொடுத்து, மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் படகு அதே வேகத்தில் ஓடிப் பக்கத்தில் ஒட்டும். படகு அலையின் உச்சிக்குப் போகிற கணத்தில் ஏணியில் கால் வைத்துவிட வேண்டும், வைத்த உடனே இரண்டு மூன்று படி விறுவிறுவென்று ஏறிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த அலையில் படகு மேலே வந்து காலை நசுக்கும். நின்று யோசிக்கவோ ஏணியை இழுத்துச் சோதித்துப் பார்க்கவோ அங்கே நேரம் கிடையாது. மேலே யாரோ சரியாகக் கட்டியிருக்கிறார், உள்ளே கயிறு நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் முழு எடையையும் கொடுக்கிறோம். ஏறும் உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதற்கு மேல் போனால் கப்பலின் பக்கவாட்டில் சாய்வாக இறக்கும் படிக்கட்டான கேங்வேயையும் கயிற்றேணியையும் சேர்த்துப் போட வேண்டும். 9 மீட்டர் என்பது மூன்று மாடி உயரம், அதிலிருந்து விழுகிறவர் மெத்தையில் விழப்போவதில்லை.

அந்தச் சேர்த்துப் போடும் முறையிலும் உயிர் போயிருக்கிறது. 2019 டிசம்பர் 30 அன்று நியூயார்க் துறைமுகத்துக்கு வெளியே, நீண்ட அனுபவமுள்ள அங்குள்ள சாண்டி ஹூக் பைலட் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் பெரிய கன்டெய்னர் கப்பலில் ஏறும்போது விழுந்து இறந்தார். கேங்வேயின் அடித்தட்டில் ஒரு திறப்பு வைத்து, அதன் வழியாக ஏறச் சொல்லும் ஏற்பாடு அது. அடுத்த ஆகஸ்டிலேயே அதே சங்கத்தைச் சேர்ந்த இன்னொருவர் கப்பலேறும்போது விழுந்து இறந்தார். இந்தத் திறப்பு முறையில் பல கப்பல்களில் செய்கிற தவறு ஒன்றுதான்: கயிற்றேணியைத் தட்டின் அடியிலேயே தொங்கவிட்டுவிடுவார்கள். ஏணி திறப்பின் வழியாக மேலே வந்து, கைப்பிடி உயரம் வரைக்கும் போயிருக்க வேண்டும் என்கிறது விதி. அப்படி இல்லாதபோது ஏறுகிறவர் தொங்கிக்கொண்டே பின்பக்கம் சாய்ந்து, தலைக்கு மேலே கையை நீட்டி, எட்டாத இடத்தைத் துழாவிப் பிடித்து உடம்பை மேலே இழுக்க வேண்டும். கனமான கோட்டும் லைஃப் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு இதை ஐம்பது வயதுக்காரர் இரவில் செய்கிறார். பழைய கப்பல், 2012 ஜூலைக்கு முன்னால் பொருத்தியது, புதிய விதி எங்களுக்கு இல்லை என்று சொல்லும் கடிதங்களும் எங்களுக்கு வருகின்றன. விதி எப்போது வந்தாலும் ஈர்ப்பு விசை அதே அளவுதான் இருக்கிறது, தயவு செய்து அந்தக் கடிதங்களை நிறுத்துங்கள்.

மற்றக் குறைகளை ஓடிச் சொல்லிவிடுகிறேன், எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். ஏணியின் முனையை டெக்கில் உறுதியான இடத்தில் கட்டாமல் கைப்பிடிக் கம்பியில் கட்டுவது. பாதி நீளத்தில் நிறுத்துவதற்காக ஷேக்கிள் என்ற இரும்புக் கொக்கி வளையத்தைக் கயிற்றைச் சுற்றிப் போட்டு, முழு எடையையும் ஒரு படியின் மேலோ அதை இறுக்கும் கட்டின் மேலோ ஏற்றுவது. இழுவைக் கயிற்றை ஏணியின் அடியில் கட்டித் தொங்கவிடுவது, அது படகில் எங்காவது மாட்டினால் ஏணியோடு சேர்த்து ஆளையும் இழுத்துவிடும். தண்ணீரில் விழுந்தவருக்கு வீசும் மிதவை வளையமான லைஃப்பாய் இருக்கும், அதன் விளக்கு எரியாது. பொறுப்பான ஆபீசர் நின்று மேற்பார்க்க வேண்டும் என்று விதி சொல்லும் இடத்தில், வாக்கிடாக்கிகூட இல்லாமல் புதிதாகச் சேர்ந்த ஒரு மாலுமி தனியாக நிற்பார்.

இவையெல்லாம் எங்கோ ஒன்றிரண்டு கப்பல்களில் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. பைலட்டுகளின் உலக அமைப்பான இம்பா ஆண்டுதோறும் நடத்தும் கணக்கெடுப்பில், பைலட்டுகள் குறித்துத் தருகிற ஏற்பாடுகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் விதிக்குப் பொருந்தாதவையாகத்தான் பல ஆண்டுகளாக வருகின்றன. படகிலிருந்து வி.எச்.எஃப். ரேடியோவில் கேட்கும்போது மட்டும் எல்லாக் கப்பலும் "லேடர் ரெடி, அஸ் பர் சோலாஸ்" என்றே சொல்கிறது.

ஏணி சரியில்லை என்றால் ஏறாதே, திரும்பிப் போ என்று எங்களுக்குச் சொல்வார்கள். உரிமை இருக்கிறது, நானும் பலமுறை திரும்பியிருக்கிறேன். ஆனால் திரும்பும்போது என்ன நடக்கிறது தெரியுமா? கப்பல் தாமதம் ஆகிறது, கப்பல் நிற்க ஒதுக்கிய பெர்த் காத்திருக்கிறது, ஏஜென்ட் போன் செய்கிறார், கடைசியில் கேப்டன் உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். ஒரு கேப்டன் என்னிடம் நேரடியாகவே கெஞ்சினார், "நீங்க ரிப்போர்ட் எழுதினா ஆபீஸ்ல எனக்குப் பதில் சொல்ல முடியாது, இந்த ஒரு தடவை ஏறிடுங்க" என்று. இருபது ஆயிரம் டன் கப்பலுக்குப் பொறுப்பான மனிதர், ஒரு கயிற்றேணி வாங்கித் தரச் சொல்லி அலுவலகத்தில் கேட்க முடியாத நிலையில் இருக்கிறார். இந்த அழுத்தத்தை உண்டாக்குவது கடல் இல்லை, நீங்கள்தான்.

இந்த ஏணியில் ஏறுவது நாங்கள் மட்டும் இல்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். நங்கூரத்தில் கிடக்கும் கப்பலில் வேலைக்குச் சேரும் உங்கள் ஆட்களும் பல சமயம் இதே ஏணியில்தான் ஏறுகிறார்கள். க்ரூ லிஸ்டில் ஏறிய தேதி, ஏறிய துறைமுகம் என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிற விஷயம் அது. முதல் முறை கடலுக்கு வரும் ஒரு கேடட் முதுகில் பையோடு, எப்போது காலை எடுத்து வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தராமல், எங்கள் படகின் ஓரத்தில் வெளிறிப்போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் படகுக்காரர்தான் அவர் பையை வாங்கிக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பி, தோளைப் பிடித்து நிறுத்தி, "இப்போ போ" என்று சொல்லி ஏற்றிவிட்டார். நாங்கள் வருடக்கணக்காக ஏறிப் பழகியவர்கள், அந்தப் பிள்ளைக்கு அது முதல் நாள்.

2025 ஜூனில் ஐ.எம்.ஓ. இந்த விதிகளைத் திருத்தியிருக்கிறது, 2028 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. ஏணிக்கும், ஏறும்போது பிடித்துக்கொள்ளும் மேன்ரோப் கயிற்றுக்கும் பயன்பாட்டுக் கால வரம்பும் அதில் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அதுவரைக்கும் இப்போது இருப்பதையே ஓட்டிக்கொள்ளலாம் என்று சில அலுவலகங்களில் பேச்சு ஓடுவது காதில் விழுகிறது. இன்றைக்கு இருக்கும் விதியே போதுமான அளவு தெளிவாக இருக்கிறது: ஒவ்வொரு பைலட் ஏணிக்கும் அடையாளத் தகடு, எந்த நாளில் பயன்பாட்டுக்கு வந்தது, என்ன பழுது பார்த்தார்கள் என்ற பதிவு, கப்பலின் எந்தப் பக்கத்திலும் பாதுகாப்பாக ஏற்றி இறக்க ஏற்பாடு. இதற்கு 2028 வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

நான் கேட்பவை இவை. முதலில், எனக்கு எழுதிய அந்தப் பதிலை எழுத்தில் திரும்பப் பெறுங்கள், எம்பார்கேஷன் ஏணியைப் பைலட்டுக்கோ வேறு யாருக்குமோ வழக்கமாக ஏறி இறங்கப் பயன்படுத்தக் கூடாது என்று உங்கள் எல்லாக் கப்பலுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். மற்ற நிறுவனங்களும் இதையே செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். கொள்முதல் பட்டியலில் இரண்டு ஏணியும் ஒரே தலைப்பின் கீழ் இருந்தால் இன்றைக்கே பிரியுங்கள், ஆர்டரில் ஐ.எஸ்.ஓ. எண்ணைப் போட்டு வாங்குங்கள், விலை குறைவு என்று தகடு இல்லாத ஏணியை வாங்காதீர்கள். கப்பலிலிருந்து பைலட் ஏணி கேட்டு வரும் கடிதம் பெயின்ட், துடைப்பம் கேட்கும் கடிதங்களோடு வரிசையில் நிற்கக் கூடாது, அடுத்த துறைமுகத்திலேயே போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு கப்பலிலும் மாற்று ஏணி ஒன்று, வெயில் படாத உலர்ந்த இடத்தில், எப்போதும் இருக்க வேண்டும்.

உங்கள் சூப்பரின்டென்டென்ட் கப்பலுக்குப் போகும்போது கட்டியிருக்கும் ஏணியை டெக்கில் விரித்துப் போட்டு, படிக்கு அடியில் கயிற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். முடிந்தால் ஒரு முறை எங்கள் படகில் வந்து அதே ஏணியில் ஏறட்டும், பாதுகாப்புப் பிரிவில் முடிவெடுக்கிறவர்களும் வரட்டும், நாங்கள் கூட்டிப்போகத் தயார். திறப்பு வைத்த கேங்வே உள்ள கப்பல்கள் எவை என்று பட்டியல் எடுத்து, ஏணி கைப்பிடி உயரம் வரை வராதவற்றைக் கட்டப்பட்ட ஆண்டைப் பார்க்காமல் மாற்றுங்கள், மாற்றி முடியும் வரை அந்த வழியில் யாரையும் ஏற்றாதீர்கள். சேரும் மாலுமிகளுக்கு, குறிப்பாகக் கேடட்டுகளுக்கு, படகில் கால் வைப்பதற்கு முன்னால் ஏணி ஏறும் முறையைச் செய்து காட்டுங்கள், பைகளைக் கயிற்றில் தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஏணி சரியில்லை என்று பைலட் திரும்பிப் போனாலோ, சரியில்லை என்று கேப்டனே சொல்லி நிறுத்தினாலோ, அந்தத் தாமதத்துக்காகக் கேப்டனிடமோ சீஃப் ஆபீசரிடமோ விளக்கம் கேட்க மாட்டோம் என்று எழுதி, நிர்வாக இயக்குநர் கையெழுத்தோடு எல்லாக் கப்பலின் பிரிட்ஜிலும் ஒட்டுங்கள். ஏறி வரும்போது அந்தத் தாளைத் தேடிப் பார்க்கும்படி என் சக பைலட்டுகளிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு துறைமுக பைலட்